தெரிந்த சொல்லில்தான் இடறுகிறோம்

(கல்லூரி ஆங்கிலத் துறையின் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து, குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படித்துப் பாருங்கள். இந்தப் பயணியை ‘லெட்’ இல்லாமலும் இடையூறு இல்லாமலும் தாராளமாகப் போகவிடுங்கள் என்று உலக நாடுகளிடம் நம் அரசு கேட்கிறது. ‘லெட்’ என்றால் ‘விடு’, ‘அனுமதி’ என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அப்படியானால் அனுமதி இல்லாமல் போகவிடுங்கள் என்றா நம் அரசு கேட்கிறது? இல்லை. அங்கே ‘லெட்’ என்றால் தடை.

பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே ஒலியுள்ள இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு விடுதல் என்று பொருள், மற்றதற்குத் தடுத்தல். காலப்போக்கில் இரண்டின் ஒலியும் ஒன்றாகிப்போயிற்று. நேர் எதிரான இரண்டு பொருளை ஒரே ஒலி எத்தனை நாள் சுமக்கும்? தடுத்தல் என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்தது. பாஸ்போர்ட்டிலும் சட்ட எழுத்திலும் டென்னிஸ் ஆடுகளத்திலும் மட்டும் தங்கிவிட்டது. சர்வீஸ் போட்ட பந்து வலையை உரசிவிட்டு விழுந்தால் நடுவர் ‘லெட்’ என்கிறாரே, அதுவும் இந்தத் தடைதான்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், தந்தையின் ஆவி கைகாட்டி அழைக்கிறது. நண்பர்கள் இளவரசனைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். என்னை ‘லெட்’ செய்பவனை நானே ஆவியாக்கிவிடுவேன் என்று அவன் சீறுகிறான். இன்றைய பொருளில் படித்தால் தன்னை விடுபவனைக் கொல்வேன் என்றாகிறது. காட்சி முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. நாம் அந்த வரியில் நிற்பதும் இல்லை. ஏனென்றால் அதில் தெரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஆபத்தைப் பற்றித்தான். தெரியாத சொல் நம்மை ஏமாற்றாது. கண்டதும் அகராதியைத் தேடுகிறோம், பொருளைத் தெரிந்துகொண்டு மேலே போகிறோம். தெரிந்த சொல் அப்படி இல்லை. எழுத்தும் ஒலியும் பழகியவை. பொருள் மட்டும் முந்நூறு ஆண்டுக்கு முந்தியது. கேம்பிரிட்ஜில் இடைக்கால, மறுமலர்ச்சிக் கால இலக்கியத்துக்குப் பேராசிரியராக இருந்த சி. எஸ். லூயிஸ் 1960இல் ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ என்றொரு நூல் வெளியிட்டார். ஒரு சொல்லுக்கு இன்று மேலோங்கி நிற்கும் பொருள் எதுவோ, பழைய நூலைப் படிக்கும்போது அதுவே ஆபத்தான பொருள் என்று அவர் பெயர் வைத்தார். அந்தப் பொருள் அந்த வாக்கியத்திலும் ஓரளவு பொருந்திப்போகும். அதனால்தான் நாம் சந்தேகப்படுவதில்லை.

சொல் இப்படி மாறுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் தலைவன், கிழத்தி என்றால் தலைவி. வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் சங்கப் பாடலைக் கையில் எடுக்கும்போதே உரையாசிரியரையும் துணைக்கு எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தைப் படிக்கும்போது அந்தப் பணிவு நம்மிடம் இருப்பதில்லை. 1600இல் எழுதியதையும் நேற்றுப் பத்திரிகையில் வந்ததையும் ஒரே கண்ணால் படிக்கிறோம்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். ‘மீட்’ என்றால் இன்று இறைச்சி. பழைய ஆங்கிலத்தில் அதற்கு உணவு என்றுதான் பொருள்; எந்த உணவானாலும் மீட். நம் ஊரில் வெள்ளைக்காரர்கள் அல்வாவையும் லட்டுவையும் ‘ஸ்வீட்மீட்’ என்று எழுதியதற்குக் காரணம் அதுவே. 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தில், லேவியராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ‘மீட்’ பலி ஒன்று வருகிறது. இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ஆட்டையோ மாட்டையோ நினைப்பார். அதிகாரத்தைப் படித்தால் அதில் இருப்பது மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். ஒரு துண்டு இறைச்சி கிடையாது. தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், ‘போஜனபலி’ என்றிருக்கும். எவ்வளவு சரியான சொல்! இந்த இடத்தில் ஆங்கிலம் படிக்கும் இன்றைய ஆங்கிலேயரைவிடத் தமிழ் படிக்கும் நம் ஊர்ப் பாட்டி தெளிவாகப் புரிந்துகொள்கிறார்.

அதே வேதாகமத்தில் ‘பிரிவெண்ட்’ என்ற சொல்லும் வருகிறது. இன்று தடுத்தல். அன்று முந்திச் செல்லுதல். லத்தீன் வேருக்கும் ‘முன்னே வருதல்’ என்பதே பொருள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை ‘பிரிவெண்ட்’ செய்வதில்லை என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் முந்திக்கொள்வதில்லை என்று வருகிறது. ‘குவிக்’ என்றால் உயிருள்ளது. அந்தப் பொருள் பாதரசத்தின் ஆங்கிலப் பெயரான ‘குவிக்சில்வரில்’ இன்னும் இருக்கிறது. உயிருள்ளதுபோல ஓடும் வெள்ளி. ‘சஃபர்’ என்றால் இடங்கொடுத்தல். ‘கான்வர்சேஷன்’ என்றால் பேச்சு அல்ல, நடந்துகொள்ளும் முறை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் புகழ்பெற்ற பதின்மூன்றாம் அதிகாரத்தில் 1611ஆம் ஆண்டின் ஆங்கிலம் ‘சாரிட்டி’ என்கிறது. இன்று அதைப் படிப்பவர் உண்டியலில் காசு போடுவதை நினைப்பார். தமிழில் அன்பு. ஆங்கிலேயரும் 1881இல் திருத்திய பதிப்பில் ‘லவ்’ என்று மாற்றினார்கள்.

உயிரினங்களின் பெயர்களுக்கும் இதே கதிதான். ‘டியர்’ ஒரு காலத்தில் எந்த விலங்கையும் குறித்தது, பிறகு மானுக்கு மட்டும் ஆனது. ‘ஃபௌல்’ எந்தப் பறவையையும், ‘ஹவுண்ட்’ எந்த நாயையும் குறித்தன.

‘கார்ன்’ என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் மாணவர்கள் தவறாமல் இடறும் சொல் அது. எந்த ஊரில் எந்தத் தானியம் முதன்மையோ அதுவே அந்த ஊருக்குக் கார்ன். இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், அமெரிக்காவில் மக்காச்சோளம். நமக்கு அமெரிக்கப் பொருள் கடை வழியாகவும் சினிமாக் கொட்டகை வழியாகவும் வந்து சேர்ந்துவிட்டது. கீட்ஸ் 1819இல் எழுதிய நைட்டிங்கேல் பறவை பற்றிய பாடலில், வேதாகமத்து ரூத் அந்நிய மண்ணின் கார்ன் நடுவே கண்ணீரோடு நிற்கிறாள். அவள் நின்றது பெத்லகேமின் வாற்கோதுமை, கோதுமை வயலில். அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மக்காச்சோளம் அவள் காலத்தில் அந்தப் பக்கம் கிடையாது. ஆளை மறைக்கும் சோளக்கொல்லையை மனத்தில் விரித்துக்கொண்டால், கதிர் பொறுக்கும் பெண் தனியாகத் தெரிகிற அந்தத் திறந்த வயல் போய்விடுகிறது, அவளுடைய தனிமையும் போய்விடுகிறது. வரலாறு படிப்பவர்களுக்கு ‘கார்ன் சட்டங்கள்’ பாடமாக இருக்கும். 1815இல் வந்து 1846இல் நீக்கப்பட்ட அந்தச் சட்டங்கள், இறக்குமதியாகும் எல்லாத் தானியங்களுக்கும் தடையும் தீர்வையும் போட்டவை. ஏழையின் ரொட்டி விலை அதில் அடங்கியிருந்தது. மக்காச்சோளச் சட்டம் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

மனிதர்களைக் குறிக்கும் சொற்கள்தான் என்னை அதிகம் வருத்துபவை. ‘லார்டு’ என்ற சொல்லைப் பிரித்தால் பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவன். ‘லேடி’ ரொட்டிக்கு மாவு பிசைபவள். வீட்டுக்குச் சோறு போடும் இருவர். அவர்கள் பிரபுவும் சீமாட்டியும் ஆனார்கள். ‘நைட்’ என்றால் சிறுவன், பணியாள். ‘நேவ்’ என்றாலும் சிறுவன், பணியாள். ஒருவன் அரசனுக்குப் படைப்பணி செய்தான், வீரப் பெருமகன் ஆகிவிட்டான். மற்றவன் வீட்டு வேலை செய்தான், அயோக்கியன் என்று பெயரெடுத்தான். இருவரும் செய்தது ஊழியம்தான்.

‘வில்லன்’ என்ற சொல்லை நம் சினிமா வழியாகத் தமிழிலேயே சேர்த்துக்கொண்டோம். லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை. பண்ணையில் கட்டுண்டு உழுது பயிரிட்டவன் வில்லன். அவன் செய்த குற்றம் எதுவும் வரலாற்றில் இல்லை. நிலம் வைத்திருந்தவர்கள் அவனை நாகரிகமற்றவன், இழிந்தவன், நம்பத்தகாதவன் என்று பேசிப் பேசி, கடைசியில் கொடியவன் என்ற பொருளே நின்றுவிட்டது. ‘பூர்’ என்ற இன்னொரு வசைச்சொல்லும் உழவன் என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் டச்சு வழியினர் தங்களைப் போயர் என்று சொல்லிக்கொண்டது அந்தப் பொருளில். ‘சர்ல்’ சாதாரணக் குடிமகன். அது முரடன் ஆயிற்று. மறுபக்கம் பாருங்கள். ‘ஜென்டில்’ என்றால் நல்ல குலத்தில் பிறந்தவன், ‘ஜெனரஸ்’ என்றாலும் உயர்குடிப் பிறப்பு, ‘நோபிள்’ பெயர் பெற்ற குடும்பத்தான். குலத்தைச் சொன்ன இவை மூன்றும் குணத்தைச் சொல்லத் தொடங்கின. மென்மையும் தயாளமும் பெருந்தன்மையும் பிறப்போடு வருகின்றன என்று நம்பிய ஒரு சமூகம் தன் நம்பிக்கையை அகராதியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசிய சமூகம் எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்தச் சொற்களை அறியாமல் பயன்படுத்துவது எனக்கு உறுத்துகிறது.

பெண்களைக் குறித்த சொற்கள் பட்ட பாடு இன்னும் மோசம். வீட்டை நடத்துபவள் என்ற ‘ஹவுஸ்வைஃப்’ தேய்ந்து ‘ஹஸி’ ஆகி, நடத்தை கெட்டவள் என்றாயிற்று. குடும்பத் தலைவியான ‘மிஸ்ட்ரெஸ்’ வைப்பு என்ற பொருளுக்கு இறங்கியது. நூல் நூற்பவள் ‘ஸ்பின்ஸ்டர்’. உழைத்துத் தன் காலில் நின்ற அந்தப் பெண்ணைக் கல்யாணமாகாதவள் என்று மட்டும் அடையாளம் காட்டினார்கள். ‘கேர்ள்’ என்பதோ தொடக்கத்தில் ஆண் பெண் இருபாலருக்கும் பொது. சாசர் பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய ‘கேன்டர்பரி டேல்ஸ்’ முன்னுரையில் மறைமாவட்டத்தின் இளம் ‘கேர்ள்கள்’ வருகிறார்கள். அவர்கள் இளைஞர்களும் இளம்பெண்களும் சேர்ந்த கூட்டம்.

ஷேக்ஸ்பியரை இன்னும் கொஞ்சம் தொடுகிறேன். மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோவை நினைத்து ‘வேர்ஃபோர்’ என்று தொடங்குவது அவன் எங்கே என்ற தேடல் அல்ல. நீ ஏன் ரோமியோவாக, பகைவீட்டுப் பெயரோடு, பிறந்தாய் என்ற தவிப்பு. ஜூலியஸ் சீசரில் ஆண்டனி, சீசரின் அங்கியில் காஸ்கா கிழித்த இடத்தைக் காட்டி அவனை ‘என்வியஸ்’ என்கிறான். அங்கே அது பொறாமையைவிடக் கொடியது, வன்மம். ஹாம்லெட்டின் முதல் காட்சியில் காவலன் ஒருவன் தன்னோடு காவல் நிற்கும் தோழர்களை ‘ரைவல்’ என்கிறான். பகைவர்களா? இல்லை, பங்காளிகள். லத்தீனில் ‘ரிவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையின் நீரைப் பகிர்ந்துகொள்பவர்கள் ரைவல்கள். அந்தப் பங்காளி எப்படிப் போட்டியாளன் ஆனான் என்பதை ஆங்கிலப் பேராசிரியருக்கு விளக்க வேண்டியிருக்கும். கடைமடை விவசாயிக்கு விளக்க வேண்டாம். முறைநீர் பாய்ச்சும் ஊரில் பங்காளியும் பகையாளியும் ஒரே வாய்க்காலில்தான் நிற்கிறார்கள்.

அடுத்து ஜேன் ஆஸ்டின். அவர் காலம் நமக்கு இருநூறு ஆண்டுதான் முந்தியது, நடையும் தெளிவானது. ஆகவே அபாயமும் அதிகம். 1813இல் வெளியான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார் தம் ஆதரவாளரான சீமாட்டியின் ‘கான்டிசென்ஷனை’ ஓயாமல் புகழ்கிறார். இன்று அந்தச் சொல்லுக்குக் கீழாக நடத்தும் திமிர் என்று பொருள். அன்று, உயர்ந்தவர் தம் நிலையிலிருந்து இறங்கி எளியவரிடம் அன்போடு பழகுவது. காலின்ஸ் அதை மனமாரச் சொல்கிறார். சீமாட்டியின் அகந்தையை நாம் வேறு வழியில் அறிந்துகொள்கிறோம். இரண்டும் உரசும் இடத்தில்தான் ஆஸ்டினின் நகைச்சுவை இருக்கிறது. அதே நாவலில் ‘கேண்டர்’ என்பது ஒளிவுமறைவில்லாத பேச்சு அல்ல, பிறரைப் பற்றி நல்லதாகவே எண்ணும் மனப்பாங்கு. ஜேன் பென்னட்டின் குணம் அது. ‘எம்மா’வில் எல்டன் என்பவர் ஓடும் வண்டியில் கதாநாயகியிடம் ‘லவ்’ செய்கிறார் என்று வரும் இடத்தைப் படித்து வெட்கத்தோடு சந்தேகம் கேட்கும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். அவர் செய்ததெல்லாம் காதல் மொழி பேசி மணம் புரியக் கேட்டதுதான்.

‘நைஸ்’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்காமல் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். லத்தீனில் அறியாதவன். ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள். பிறகு ஒழுக்கம் தளர்ந்தவன், பிறகு நொடிப்புக்காரன், பிறகு நுட்பமானது, பதினெட்டாம் நூற்றாண்டில் இனிமையானது. ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில் ஹென்றி டில்னி இந்தச் சொல்லை எதற்கெடுத்தாலும் பயன்படுத்துவதைக் கேலி செய்கிறான். ‘சில்லி’ இதற்கு நேர்மாறான வழியில் போயிற்று. பேறுபெற்றவன், கபடமற்றவன், இரங்கத்தக்கவன், கடைசியில் அறிவிலி. கபடமில்லாதவனை உலகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘என்தூசியாசம்’ இன்று உற்சாகம், வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் எல்லோரும் தங்களுக்கு உண்டென்று எழுதும் குணம். டாக்டர் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியில் அது கடவுள் தனக்கு மட்டும் நேரில் பேசுவதாக நம்பும் வீண் பித்து.

இவ்வளவும் இலக்கியம் படிப்பவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் சென்னையின் வரலாறே இந்தச் சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாட்குறிப்புகளும் ஆலோசனைப் பதிவுகளும் இருக்கின்றன. சிலவற்றை அச்சிட்டும் இருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் ஆங்கிலம் எளிதாகவே தெரியும். அங்கேதான் கவனம் வேண்டும்.

ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு ‘ரைட்டராக’ வந்து சேர்ந்தார். கிளைவ் எழுத்தாளராக வந்தார் என்று எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அகராதி அவனுக்கு அதைத்தான் சொன்னது. கம்பெனியில் ரைட்டர் என்றால் கடைசிப் படியில் இருந்த கணக்கு எழுத்தர். அதற்கு மேல் ஃபேக்டர், அதற்கு மேல் இளநிலை வணிகர், முதுநிலை வணிகர். இந்தப் பழைய பொருள் நம்மிடம் சாகவே இல்லை என்பதுதான் வியப்பு. எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் ‘ரைட்டரைப் பாருங்க’ என்பார்கள். வழக்கு விவரங்களையும் பதிவேடுகளையும் எழுதும் காவலர் அவர். லண்டனில் மறைந்துபோன பொருள் மயிலாப்பூரிலும் மானாமதுரையிலும் தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

‘ஃபேக்டரி’ என்ற சொல் இதைவிட ஆபத்தானது. கம்பெனி 1611இல் மசூலிப்பட்டினத்தில் ஃபேக்டரி அமைத்தது, 1639இல் சென்னையில் இடம் பெற்றது என்று படிக்கிறோம். புகைபோக்கியும் இயந்திரமும் உள்ள ஆலை கண்முன் வருகிறது. அங்கே எதுவும் உற்பத்தி ஆகவில்லை. ஃபேக்டர் என்றால் வெளியூரில் இருந்து வணிகம் செய்யும் முகவர். அவர் தங்கி, சரக்கு வாங்கி, இருப்பு வைத்த பண்டகசாலை ஃபேக்டரி. உற்பத்தி நடந்தது நெசவாளரின் வீட்டுத் தறியில். தொழிற்சாலை என்று மொழிபெயர்த்தால் நூற்றைம்பது ஆண்டுத் தென்னிந்தியப் பொருளாதாரமே தவறாகப் பதிவாகிறது. நெய்தவர் நம்மவர், வாங்கி விற்றவர் அவர். அந்த வேறுபாடு ஒரு சொல்லில் தொலைந்துபோகும்.

‘இன்வெஸ்ட்மென்ட்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். பங்குச் சந்தை முதலீடு அல்ல. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் ஏற்ற அந்த ஆண்டு வாங்கும் சரக்கு, பெரும்பாலும் துணி. ‘பெயிண்டர்’ சுவருக்கு வண்ணம் அடிப்பவர் அல்ல, சீட்டித் துணியில் சாயம் தீட்டியவர். ‘வாஷர்’ நெய்த துணியை வெளுத்துத் தந்தவர். வண்ணாரப்பேட்டையின் பெயரில் இருப்பது அந்தத் தொழில். 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது இப்படிப்பட்ட நெசவுத் தொழிலாளரைக் குடியமர்த்தத்தான். ‘கன்ட்ரி’ கப்பல் என்றால் கிராமத்துப் படகு என்று நினைக்காதீர்கள், ஆசியத் துறைமுகங்களுக்குள்ளேயே வணிகம் செய்த கப்பல்.

இன்னொரு சொல், ‘கம்ப்யூட்டர்’. 1613லேயே ஆங்கில நூலில் பதிவாகியிருக்கிறது. அப்போது முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது ஓர் ஆளைக் குறித்தது: கணக்கிடுபவர். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, வடக்கே இமயம் வரை போயிற்று. அந்த அளவைத் துறையில் கம்ப்யூட்டர் என்பது ஒரு பதவி. வங்காளத்து ராதாநாத் சிக்தார் 1831இல் அந்தப் பதவியில் சேர்ந்து, பின்னர் தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் எண்ணிட்டிருந்த மலையின் உயரத்தைக் கணித்தவர் அவர். அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் என்று வேறொருவர் பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்து அறிக்கையில் கம்ப்யூட்டர் என்று பார்த்தால் அங்கே ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றப் பக்கம் போனால் பழைய ஆங்கிலம் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டு பணியில் இருக்கிறது. மனுவின் கடைசிப் பகுதிக்கு வழக்கறிஞர்கள் ‘பிரேயர்’ என்கிறார்கள். யாரும் சாமி கும்பிடவில்லை. ‘பிரே’ என்றால் கேட்டுக்கொள்ளுதல். உயில் பத்திரத்தில் ‘இஷ்யூ’ என்றால் பிரச்சினை அல்ல, பிள்ளைகள். ஆங்கிலத்தில் எழுதிய வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ‘டிமைஸ்டு பிரிமிசஸ்’ என்றிருக்கும். ‘டிமைஸ்’ என்றால் இறப்பு என்றுதானே நாளிதழில் படிக்கிறோம்? முதலில் அது சொத்துரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தல். உயில் வழியாகவும், அரசர் இறந்து முடி கைமாறும்போதும் அந்த விட்டுக்கொடுத்தல் நடந்ததால், கைமாறியதைக் குறித்த சொல் சாவைக் குறிக்கத் தொடங்கிற்று. ஒப்பந்தம் எழுதியவர் இறந்த வீட்டை வாடகைக்கு விடவில்லை. தம் அனுபோகத்தை உங்களுக்கு ஒப்படைக்கிறார். கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும் சொல்லையாவது தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

இவற்றையெல்லாம் நாம் உறுதியோடு சொல்ல முடிவதற்குக் காரணமானவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். 1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தில், அன்றைய அகராதிகள் எங்கெங்கே குறைபட்டுள்ளன என்று ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் என்ற பாதிரியார் எடுத்துரைத்தார். ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் வாழ்வையும் சான்றோடு எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. பிறகு அந்த அகராதிப் பணிக்கு ஜேம்ஸ் மரே பொறுப்பேற்றார். பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல், அது வந்த வாக்கியம், நூல், ஆண்டு என்று சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். 1884இல் முதல் பகுதி வந்தது. மரே 1915இல் காலமானார். பணி 1928இல்தான் நிறைவேறியது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் பொருள்கள் வழக்குக்கு வந்த கால வரிசையில் நிற்கும். கைபேசியில் தட்டினால் வரும் அகராதி இன்றைய பொருளை முதலில் காட்டும், நாமும் முதல் வரியோடு மூடிவிடுவோம்.

டிரெஞ்ச் இன்னொரு காரியமும் செய்தார். முன்பு ஒரு பொருளிலும் இப்போது வேறொரு பொருளிலும் வழங்கும் ஆங்கிலச் சொற்களை மட்டும் திரட்டி 1859இல் ஒரு சிறு அகராதி வெளியிட்டார். தாய்மொழியாக ஆங்கிலம் பேசியவர்களுக்கே அது தேவை என்று அவர் கருதினார். நம் பக்கத்தில் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் ஹென்றி யூலும் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’, கம்பெனிக் காலச் சொற்கள் பலவற்றுக்கு விளக்கம் தருகிறது. இரண்டும் ஆங்கிலத்தில் ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு எழுதியவை.

தமிழ் வழியில் படித்து, ஆங்கில ஆவணத்தின் முன் உட்காரும் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று வேண்டும். சிறிதாகப் போதும். ரைட்டர், ஃபேக்டரி, இன்வெஸ்ட்மென்ட், கார்ன், மீட், லெட், கான்டிசென்ஷன் என்று ஐந்நூறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த நூற்றாண்டில் என்ன பொருள், எந்த நூலில் எந்த ஆவணத்தில் வந்திருக்கிறது, அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்று இருக்க வேண்டும். ஆசிரியர்களே, பாடம் தொடங்கும்போது அந்த நூல் எழுதிய ஆண்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். மாணவர்களே, இந்த ஆண்டு நீங்கள் படிக்கும் ஒரு நாடகத்தில், நாவலில், ஆவணத்தில் பொருள் மாறி வந்த சொற்களைச் சீட்டில் எழுதி, ஆண்டும் பக்கமும் குறித்து உங்கள் துறைத் தலைவரிடம் கொடுங்கள். ஆக்ஸ்போர்டு அகராதி அப்படிப்பட்ட சீட்டுகளில்தான் வளர்ந்தது. இன்று மாலையே தொடங்கலாம். நூலகம் ஆறு மணி வரை திறந்திருக்கிறது.